நீர்முள்ளி, நிகர எடை இருபது கிலோ

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடைக்காரரிடம் திட்டு வாங்காத கால் ஒன்றுகூடக் கிடையாது. ஆளைத் திட்ட மாட்டார், காலைத்தான் திட்டுவார். லாரி டிரைவரோ, இரும்பு வெட்டுகிறவரோ, ஷீட் வாங்க வந்த பெரிய முதலாளியோ, யாராக இருந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்வை கணுக்காலுக்குப் போய்விடும். கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தால் நீங்கள் மனிதர். தெரியாவிட்டால் அது நீங்கள் அவருக்குச் செய்த துரோகம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் நிச்சயம் இருந்திருக்கும். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் 'எடைமேடை' மட்டும்தான். லோடு லாரியை மேடையில் ஏற்றி நிறுத்தச் சொல்லி, கூண்டு மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் வரும் எடையைச் சீட்டாக அடித்துக் கொடுப்பது வேலை. அந்த வேலைக்கு ஒரு கை போதும். இன்னொரு கையின் கட்டைவிரலை ஊரார் கால்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

நான் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், ஒரு லாரிக்கு எடைச் சீட்டு வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள்.

"காலக் காட்டு," என்றார்.

"சீட்டு வாங்க வந்தேன்ணா."

"சீட்டு எங்கயும் ஓடாது. காலக் காட்டு."

பேண்டைத் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஏதோ காலிங்பெல்லை அழுத்துகிற மாதிரி அழுத்திப் பிடித்தார். எடுத்தபோது விரல் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்புவதாக இல்லை.

"பாத்தியா, பெசஞ்ச மாவு மாரி குழி வுழுது. வயசு இன்னா?"

"இருபத்தாறு."

"இருபத்தாறு வயசுல ரெண்டு கால்லயும் தண்ணி லோடு ஏத்திகினு வர்ற. நாஸ்தாவுக்கு இன்னா துன்னே?"

"பொங்கல்... தொட்டுக்கக் கொஞ்சம் ஊறுகாய்."

"கொஞ்சம்னா? பாட்டிலோடயா?"

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் நிதானமாக மேஜைக்கு அடியிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தார். காய்ந்த தண்டும் இலையும் முள்ளுமாக இருந்தது. நீர்முள்ளி. ஒரு கைப்பிடி போட்டுச் சுண்டக் காய்ச்சிக் காலையில் குடிக்க வேண்டும், ஏழு நாள். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலை எதிரி வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். "எட்டாம் நாளு வந்து காலக் காட்டு. காட்டல, உங்க ஆபீஸ் லாரி எதுக்கும் சீட்டு கெடையாது."

எட்டாம் நாள் என் கணுக்கால் எலும்பு வெளியே வந்திருந்தது. ஒருவேளை ஊறுகாயை நிறுத்தியதால் இருக்கலாம் என்று ஒரு நேர்மையான சந்தேகத்தை அவரிடம் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. சீட்டை ஜன்னல் வழியாக விசிறி எறிந்தார்.

நீர்முள்ளியை அவருக்குக் கற்றுக்கொடுத்த குரு என்று யாருமில்லை. கோபம்தான் கற்றுக்கொடுத்தது. சில வருஷங்களுக்கு முன் அவருடைய கால்களே வீங்கிப்போய், அரசு ஆஸ்பத்திரியின் சித்தா பிரிவில் வரிசையில் நின்றிருக்கிறார். டாக்டரம்மா ஒரு சூரணப் பொட்டலம் கொடுத்தார். இது என்ன செடி என்று இவர் கேட்க, அவர் செல்போனில் படத்தைக் காட்டினார். வயலட் பூ, கணுவுக்குக் கணு நீட்டிக்கொண்டிருக்கும் முள்.

"எனக்கு வந்துச்சு பாரு காண்டு," என்று எடைமேடை அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் புதிதாகவே கோபப்படுவார். "அந்தச் செடி நம்ப மேடைக்குப் பின்னாடி ஓடைக்கரைல காடு மாரி கீது. வருசக்கணக்கா நான் அது மேலதான் ஒண்ணுக்குப் போய்கினு கீறேன். ஒண்ணுக்கு ஒயுங்காப் போறதுக்கான மருந்து மேலயே ஒண்ணுக்குப் போயிருக்கேன்யா. ஒருத்தனாச்சும் சொன்னானா?"

வீக்கம் வடிந்த கையோடு முதல் வேலையாக, பின்பக்கச் சுவரில் பெயிண்டால் எழுதினார்: 'இங்கு சிறுநீர் கழிக்காதே. மருந்து இருக்கிறது.' எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்காக, பக்கத்தில் வீங்கிய கால் ஒன்றையும் வரைந்தார். அது யானைக்கால் மாதிரி வந்துவிட்டது. யாரோ ஒரு வெளியூர் டிரைவர் பிள்ளையார் கோயில் என்று நினைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார். அன்று முதல் அங்கே யாரும் ஒதுங்கவில்லை.

வேர் நீர் பிரிவதற்கு, இலை வீக்கத்துக்கு, விதை உடம்பு வலுவுக்கு. இதுதான் அவருடைய பாடத்திட்டம். ஆனால் மார்க்கெட் ஆண்களுக்கு வேரும் இலையும் காதில் விழாது. விதை மட்டும்தான் விழும். ஒருவர் பின் ஒருவராக வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த வெத கொஞ்சம் கெடைக்குமா?" என்பார்கள். "காலு பூசணிக்கா மாரி கீது, உனக்கு வெத கேக்குதா?" என்று அவர் குரலை உயர்த்துவார். நாலு கடைக்குக் கேட்கும்.

எங்கள் முதலாளியும் ஒரு நாள் கேட்டார். முதலாளி என்பதால் ஒரு பொட்டலம் கிடைத்தது. பாலில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும் என்று மூன்று முறை சொல்லியனுப்பினார். முதலாளிக்கு எதிலும் அவசரம். ஆபீஸிலேயே ஒரு கை அள்ளி வெறும் வாயில் போட்டுக்கொண்டார். நீர்முள்ளி விதை ஈரம் பட்டால் பசையாக ஊதிக்கொள்ளும். இரண்டு நிமிஷத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. முதலாளி "ம்ம்ம்" என்றார். "ம்ம்ம்ம்" என்று மறுத்தார். மறுமுனையில் இருந்த பார்ட்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு லாரிகளை விசாகப்பட்டினத்துக்குக் கிளப்பிவிட்டது.

எடைமேடை வாசலில் வந்து நின்று பார்த்தார். "இத்தினி வருசத்துல மொத தபா உங்க ஆபீஸு அமைதியா கீது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் ஓடைக்கரைக்கு அழைத்துப்போனார். வெல்டர் போடும் தோல் கையுறை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரு தண்டை வளைத்துப் பிடித்து, "முள்ள எண்ணு," என்றார். ஒவ்வொரு கணுவிலும் ஆறு. "ஆறு முள்ளு இருந்தாத்தான் இது. இல்லேன்னா வேற எதுனா களையப் புடுங்கிகினு வந்துடுவ." ஒரு புதரில் எல்லாவற்றையும் பறிக்க மாட்டார். நடுவில் ஒன்றை விட்டுவைப்பார். அந்தப் பக்கம் மணலித் தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்றின் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதை முறைத்துப் பார்த்து, "அது வர்றதுக்கு மின்னாடியே இது இங்க கீது. அதுக்கு ரோடு போட்டான், காம்பவுண்டு போட்டான். இதுக்கு ஒரு கல்லு நட்டானா?" என்றார்.

மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் நீர்முள்ளிக் கட்டை எடுக்க மாட்டார். "எனுக்கு வீக்கம்தான் தெரியும். உள்ள இன்னா கீதுன்னு தெரியாது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடு," என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஆட்டோவில் ஏற்றுவார். வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்க்கும் எத்தனையோ படித்தவர்களைவிட அந்த மனிதருக்குத் தன் எல்லை தெரிந்திருந்தது. அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

ஒரு வருஷம் மழை அடித்துத் தீர்த்தது. ஓடை மார்க்கெட்டுக்குள் ஏறி மூன்று நாள் நின்றது. வடிந்தபோது காம்பவுண்டுச் சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. துடைத்தால் கை பிசுபிசுத்தது. இது யாருடைய எண்ணெய் என்று கேட்டால், ஒவ்வொரு கம்பெனி காம்பவுண்டும் அடுத்த காம்பவுண்டைக் காட்டியது. கோபப்பட வேண்டிய நேரத்தில் நாங்களும் சுவரைக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நானும்தான்.

கொடுமை என்னவென்றால், அந்த மழைக்குப் பிறகு நீர்முள்ளி முன்னைக்கு இரண்டு மடங்கு தழைத்தது. எடைமேடை பூரித்துப் போனார். மூட்டை மூட்டையாக அறுத்துக் காயவைத்தார். எண்ணெய் நாற்றம் அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். மணலிக் காற்றை இருபது வருஷம் இழுத்தவர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி உட்காருகிற இடம், அவ்வளவுதான்.

மார்க்கெட் வாசலில் தேசம்மா என்று ஒருவர் மீன் விற்பார். ஐஸ் தண்ணீர் சொட்டும் பலகைக்குப் பின்னால் நாளெல்லாம் நிற்பதால் அவருக்குக் கால் வீங்கும். எடைமேடையைத் திருப்பித் திட்டுகிற ஒரே ஆள் அவர்தான். புதிதாக அறுத்த கட்டுகளில் ஒன்று அவருக்குப் போயிற்று. இரண்டாம் நாள் வாந்தியும் பேதியும் நிற்காமல், மருமகள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எடைமேடை கையில் ஒரு கட்டோடு அங்கே போனார். நானும் போனேன். இளம் டாக்டர் ஒருவர் கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கே பறித்தது என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, செடியில தப்பில்ல. ஆனா தண்ணில என்ன இருக்கோ அதையெல்லாம் உறிஞ்சி இது உள்ள வெச்சுக்கும். இந்தம்மாவுக்கு இதனாலதான்னு நான் சொல்லல. ஆனா அந்த இடத்துல வளர்ற எதையும் இனிமே யாருக்கும் குடுக்காதீங்க."

திரும்பி வந்து, கூண்டுக்குள் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு கைப்பிடியைக் காய்ச்சினார். ஆறவிட்டார். டம்ளரின் மேலே மெல்லிசாக ஒரு படலம் படிந்தது. மயில் கழுத்து நிறம். பார்க்க அழகாகக்கூட இருந்தது.

அன்று அவர் யாருடைய காலையும் திட்டவில்லை. மார்க்கெட்டே பயந்துவிட்டது. வரிசையில் நின்ற டிரைவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவர் தானாகவே பேண்டைத் தூக்கிக் காலை ஜன்னலில் வைத்துக் காட்டிக்கூடப் பார்த்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் கையால குடுத்தேன்யா," என்றார் கடைசியில், என்னிடம்.

மறுநாள் ஆரம்பித்தது வேட்டை. யார் யாருக்குக் கொடுத்தாரோ அத்தனை பேரிடமிருந்தும் திரும்ப வாங்குவது. டி.வி.எஸ். வண்டியின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். கொடுத்தபோது திட்டியதைவிடத் திரும்ப வாங்கும்போது அதிகமாகத் திட்டினார். காலடிப்பேட்டையில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கதவை மறித்துக்கொண்டு, "எனக்கு மருந்து நல்லாக் கேக்குதுப்பா, நீ ஏன் புடுங்கற?" என்றார்.

"நல்லாக் கேக்குதா? அப்ப மூஞ்சி ஏன் நைனா அப்பளம் மாரி உப்பிகினு கீது?"

வாத்தியார் கண்ணாடியைப் பார்க்க உள்ளே போன நேரத்தில், மொட்டை மாடிக்கு ஏறிக் காயப் போட்டிருந்ததை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கிரேன் ஆபரேட்டர் ஒருவரின் மனைவி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அரிசியோடு கவிழ்த்தார் இவர். பிறகு உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டும் வந்தார். ரோட்டில் இருந்த டிரைவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போனது. "குடிக்காத. தூக்கிப் போடு. போட்டத போட்டோ புடிச்சி அனுப்பு. அனுப்பல, வந்தன்னா உன் காலே இருக்காது." நாக்பூர் வரைக்கும் லாரி லாரியாக அந்த மெசேஜைப் போட்டுக் கேட்டுச் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு எல்லோரும் போட்டோ அனுப்பினார்கள்.

சேர்ந்த மூட்டைகளை வண்டியோடு மேடையில் ஏற்றினார். அறுபது டன் நிறுக்கிற மேடையில் ஒரு டி.வி.எஸ். நின்றது. மூட்டையோடு ஒரு முறை, காலி வண்டியாக ஒரு முறை. முறைப்படி சீட்டு அடித்தார். நிகர எடை இருபது கிலோ. சரக்கு: நீர்முள்ளி, விஷம். அனுப்பியவர் என்ற இடத்தில் சற்று யோசித்து, 'யாரோ' என்று அடித்தார்.

அந்தச் சீட்டோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். மனுவை நான் எழுதினேன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான கவனத்திற்கு' என்று நான் வாசிக்க ஆரம்பித்ததும், "நிறுத்து. இது இன்னா, கல்யாணப் பத்திரிகையா? இதுல காண்டே இல்லியே," என்றார். மூன்றாவது முறை எழுதியதில்தான் போதுமான காண்டு இருந்தது.

டோக்கன் வாங்கிக் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அதிகாரி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"எடைச் சீட்டு சார். இருபது கிலோ வெசம். வூடு வூடா ஏறிப் பொறுக்கினு வந்தேன். அனுப்பிச்சவன் பேருதான் தெர்ல. அத்த மட்டும் நீங்க ரொப்பிக் குடுங்க."

"அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணியாச்சுங்க. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. ரிப்போர்ட் இருக்கு."

எடைமேடை பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். டம்ளரை எடுத்து அதிகாரியின் மேஜையில், ஃபைல்களுக்கு நடுவே வைத்தார். கஷாயத்தை ஊற்றினார்.

"அளவுக்குள்ள கீதுன்னா குடிங்க."

பின்வரிசையில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இந்த நிமிஷத்துக்காகத்தான் நாங்கள் மூன்று முறை மனு எழுதினோம். குடிக்கட்டும், அல்லது குடிக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பார்த்தால் எடைமேடையைக் காணோம். மேஜைக்கு அடியில் குனிந்திருந்தார்.

"சார், இது எத்தினி நாளா கீது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"எது?"

"காலு."

அதிகாரி ஷூவின் நாடாவைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சாக்ஸின் விளிம்பு சதைக்குள் புதைந்திருந்தது. எடைமேடை கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அதிகாரியும் குனிந்து தன் காலில் விழுந்த குழியைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா," என்றார் மெதுவாக.

"படி ஏறச்சொல்ல மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? ரெண்டு மாசமா இத்த வெச்சிகினு இன்னா சார் பண்றீங்க? நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கிட்னியா, ஆர்ட்டான்னு பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி தலையாட்டினார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கை டம்ளரை நோக்கிப் போனது. "இதைக் குடிச்சா வீக்கம் வடியுமா?"

எடைமேடை டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினார்.

"போன வருசம்னா வடிஞ்சிருக்கும்."

கஷாயத்தை ஒரு சொட்டு சிந்தாமல் பிளாஸ்க்கில் திருப்பி ஊற்றி மூடினார். நாங்கள் வெளியே வந்தோம். பஸ் நிற்கும் இடம் வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். குடிக்க வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டீர்களே, அத்தனை போன் படம் பிடித்துக்கொண்டிருந்ததே என்று. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பதில் பேசாமல் திட்டு வாங்கினார். கடைசியில், "அந்தாளு காலப் பாத்தியா நீ?" என்று மட்டும் கேட்டார்.

மனுவுக்கு விளைவு இல்லாமலில்லை. சில வாரங்களில் ஓடைக்கரையில் ஒரு போர்டு நட்டார்கள். 'எச்சரிக்கை. இப்பகுதியில் வளரும் செடிகளைப் பறிப்பதோ உட்கொள்வதோ கூடாது.' போர்டுக்குப் பத்தடி தள்ளி, புதருக்குள்ளிருந்து ஒரு குழாய் ஓடைக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய்க்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. செடிதான் குற்றவாளி. எடைமேடை அந்த போர்டின் முன்னால் நின்று கால் மணி நேரம் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். போர்டு அசையவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் துருப்பிடித்து. குழாயும் இருக்கிறது. அது துருப்பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் இரண்டு உடைந்த சிமெண்ட் தொட்டிகளை எங்கிருந்தோ உருட்டி வந்து மேடைக்குப் பின்னால் வைத்தார். நாட்டு மருந்துக் கடையில் விதை வாங்கி, செங்குன்றம் பக்கத்திலிருந்து மண் வரவழைத்து, லாரித் தண்ணீர் பிடித்து ஊற்றினார். இரண்டு தொட்டியில் எவ்வளவு வரும். முதல் அறுப்பை ஒரு மாதம் தானே காய்ச்சிக் குடித்தார். எதுவும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, ஒரு சின்னக் கட்டை எடுத்துக்கொண்டு தேசம்மாவின் மீன் பலகைக்கு முன்னால் போய் நின்றார். நீட்டவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தேசம்மா மீனை அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ் எடைமேட. நான் ஆஸ்பத்திரில கெடக்கச்சொல்ல மூணு நாளு ராத்திரி வாசல்லயே நின்னியாமே. மருமவ சொல்லிச்சு. அப்ப உன் காலு எப்டி வீங்கி இருந்துச்சுன்னு எவனாச்சும் பாத்தானா?"

அவர் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டார்.

"வெச்சுட்டுப் போ," என்றார் தேசம்மா. "டாக்டராண்ட கேட்டுட்டுக் குடிக்கிறேன்."

நான் வேறு வேலைக்கு மாறி, சாத்தாங்காட்டை விட்டு வந்துவிட்டேன். இதை எழுதி முடித்து நேற்று அவருக்கு போனில் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, ஓடை பேரை ஏன் போடவில்லை, அந்த ஆபீஸ் பேரை ஏன் போடவில்லை, காம்பவுண்டுக்காரன் பேரை ஏன் போடவில்லை, உனக்குப் பேனா எதுக்கு, பயந்தாங்கொள்ளி என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நடுவில் போன் சார்ஜ் தீரப் போகிறது என்று காட்டியது. ஒயரைத் தேடிச் செருகிக்கொண்டு, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, மீதியையும் கேட்டேன்.